படகு ரிப்பேரும் லினக்ஸ் இன்டர்வியூவும்

கருவிகளுக்குள் ஓடும் எம்பெடெட் லினக்ஸ் வேலைக்குப் படிக்கிற என் சக பாவிகளே, ஒரு போர்டுக்குப் பவர் கொடுத்ததிலிருந்து திரையில் எழுத்து வரும்வரை என்ன நடக்கிறது என்ற கேள்வியை நீங்களும் உறக்கத்தில் உளறியிருப்பீர்கள்.

மாவும் கேள்வியும்

என் கணவர் முருகேசன் கொச்சி மட்டாஞ்சேரியில் பரோட்டா மாஸ்டர். கொச்சங்காடி வீட்டில் மத்தியானம் எனக்குக் கேள்வி கேட்பது அவர்தான். அவருக்குத் தமிழைவிட மலையாளம் வேகமாக வாசிக்க வரும் என்பதால் நான் கேள்விகளை எழுதிவைத்த நோட்டு முழுக்க மலையாள எழுத்து.

"இன்டரப்ட் வேலை நடக்கும்போது தூங்கலாமா?" என்று வாசித்தார். இன்டரப்ட் என்பது கருவி நடுவில் குறுக்கிட்டுக் கேட்கும் அவசர வேலை; அப்போது ப்ரோக்ராம் தூங்கக் கூடாது என்றேன். காரணத்தைத் தேடி நோட்டை எட்டிப் பார்த்தேன். அவரே முடித்து வைத்தார்: "கல்லு சூடா கிடக்கும்போ நான் தூங்குவேனா? அடுத்த கேள்வி."

எட்டு வருஷம்

முதல் இன்டர்வியூவில் கேள்விகள் நன்றாகத்தான் போயின. கடைசியில், "டிப்ளமோ முடிச்சு எட்டு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்றார்கள். தோப்பும்படியில் ஒரு சின்னக் கடையில், படகுகளின் மீன் காட்டும் கருவிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வீட்டுல இருந்தேன் சார்" என்றேன்.

கேட்டவர் பேனாவை மூடினார். "அப்போ டச் விட்டுப் போயிருக்குமே."

தூத்தூர் ஸ்ராங்கு

மறுநாளே, படகோட்டும் ஸ்ராங்கான தூத்தூர்க்காரர் ஒருவர் கடைக்குத் தன் கருவியைக் கொண்டுவந்தார். ஆன் செய்தால், திரை கம்பெனிச் சின்னத்தோடு அப்படியே நின்றுவிட்டது. வயரை மாட்டி லேப்டாப்பில் பார்த்தேன். லினக்ஸின் மையமான கெர்னல் எழும்பிவிட்டது, ஆனால் மெமரி கார்டு கெட்டுப்போனதால் அதற்கு ஃபைல்கள் கிடைக்கவில்லை. படித்த ஆர்வத்தில் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எஞ்சின் ஓடுது, வலை கரையில மறந்து போச்சு. அதானே மோளே?"

கலூர்

இரண்டாவது இன்டர்வியூ கலூரில். மேஜையில் ஒரு போர்டை வைத்து, "ஓட வைங்க" என்றார்கள். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. படித்ததெல்லாம் பறந்துவிட்டது, கை மட்டும் தானாக மீட்டரை எடுத்தது. பவர் சரி. எதிலிருந்து துவங்க வேண்டும் என்று போர்டுக்குச் சொல்லும் ஜம்பர் என்ற குட்டிச் செருகி லேசாகக் கழன்றிருந்தது. அழுத்தினேன். எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேனேஜர். "படகு ஆட்டத்துல அடிக்கடி கழலும் சார்" என்று வாய் தவறிவிட்டது. பிறகு மறைக்க முடியவில்லை; கடை, கருவி, எட்டு வருஷம், எல்லாம் சொன்னேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். என் ரெஸ்யூமேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒண்ணும் இதில் இல்லையே சேச்சி?"

தெரியாததைப் படிக்க ஆறு மாதம் ஒதுக்கிய எனக்கு, தெரிந்ததை ஒரு வரி எழுத நேரமில்லாமல் போயிருக்கிறது.