வீரசிங்கம் போட்ட கமெண்ட்

வீரசிங்கத்துக்கு மெதுவாகப் பேச வராது. ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மழையிலும் இன்ஜின் இரைச்சலிலும் கடைசி சீட்டு வரை எட்டவேண்டிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் அடங்குவதில்லை. "கறியில உப்பு கம்மி" என்று மனைவி சுதர்சினியிடம் சொன்னால், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரர் உப்புப் போத்தலோடு வந்து நிற்பார்.

கார்த்திகை மாசத்துப் புயல் மழையில் மலை சரிந்தது. அவர்கள் வீட்டின் பின்சுவர் மண்ணோடு போனது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பாடசாலை முகாமுக்கு ஓடினார்கள். வாசலில் நின்ற தொண்டர் ஒருவர் வீடியோ எடுத்தபடி, அவர்களுடைய ஒரே மகளிடம் கேட்டார்: "தங்கச்சி, வீட்டுலருந்து என்னா கொண்டாந்தீங்க?"

பதினைந்து வயது நிஷாந்தினி அப்போதுதான் தன் கையை விரித்துப் பார்த்தாள். டிவி ரிமோட்.

"டிவி வீட்டுல இருக்கு" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம்.

சிக்னல் திரும்பி வந்ததும் வீடியோ இணையத்தில் ஊரெல்லாம் ஓடியது. அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதை வெட்டி ஸ்டிக்கர் செய்தார்கள். "ரிமோட் ராணி" என்று பெயர் வைத்தார்கள். "ராணி, மலைய கொஞ்சம் ஆஃப் பண்ணு" என்று ஒருவன் எழுத, ஐம்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நிஷாந்தினி கரும்பலகைக்குக் கீழே சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பாடு வேண்டாம், பள்ளிக்கூடமும் இனி வேண்டாம் என்றாள். மலை சரிந்த பயம் என்று சுதர்சினி கோயில் கயிறு கட்டினாள். வயிற்றுக் கோளாறு என்று வீரசிங்கம் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் மாறி மாறி வைத்தியம் பார்த்தார்களே தவிர, என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றவர்தான் போனைக் காட்டினார். "அண்ணே, இது ஒங்க மகதானே?"

வீரசிங்கம் வீடியோவைப் பார்த்தார். கீழே இருந்த கேலிகளையும் வாசித்தார். அங்கேயே தன் போனில் ஒரு கணக்குத் திறந்தார். போனில் தமிழ் எழுத்து அடிக்க வராது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்பது மட்டும் தெரியும். போனை வாயருகில் வைத்து ஆவேசமாகப் பேசினார். வரிசையும் நகர்ந்துகொண்டிருந்தது.

அவர் போட்ட கமெண்ட் இப்படி வெளியானது: "என் மகளை கேலி பண்றவன் யாருடா பருப்பு இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க தேடி வந்து காலை ஒடச்சிருவேன் அப்பளம் முடிஞ்சிருச்சா ஜாக்கிரதை."

சாயந்தரத்துக்குள் மகளை விட அப்பா பிரபலம். கணக்கில் அவர் வைத்திருந்த, டிக்கெட் பையோடு நிற்கும் படத்துக்கு மேலே அப்பளம் பறக்கும் ஸ்டிக்கர்கள் கிளம்பின.

அதைப் பார்த்த நிஷாந்தினி பாயிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அப்பா! போன குடுங்க!"

"ஏன்? ஒனக்காகத்தானே பேசினேன்?"

"யாரு பேசச் சொன்னது? பதில் போடப் போட இன்னும்தான் பண்ணுவாங்க. ஒங்களையும் பண்ணிட்டாங்க, பாருங்க!"

அப்பளம் பறப்பதைப் பார்த்து சுதர்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நிஷாந்தினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று விம்மி அழ ஆரம்பித்தாள். சுதர்சினி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

"அம்மா, மொத ஸ்டிக்கர் போட்டது சிந்துஜாதான். என் பக்கத்துல உக்கார்றவ."

மறுநாள் காலை வீரசிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சிந்துஜா குடும்பம் கோயில் மண்டபத்தில் தங்கியிருப்பதாகக் கேள்வி. திட்டவேண்டியதை வழி நெடுகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மண்டபத்து மூலையில் சிந்துஜா தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மா பேராதனை ஆஸ்பத்திரியில், அப்பா அம்மாவோடு. வீடு இருந்த இடத்தில் வீடே இல்லை. வீரசிங்கத்தைக் கண்டதும் அவள் எழுந்து நின்று, "மாமா, பொலிஸுக்கா?" என்றாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவை விட்டுவிட்டு, அவர் அவளுடைய பை எங்கே என்று தேடினார்.

"பொலிஸுக்கு இல்ல. எங்க முகாமுக்கு. அங்க பொம்பளப் புள்ளைகளுக்கு தனி ரூம் இருக்கு. ஒங்கப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன். பேக்க எடு."

இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். சுதர்சினி இருவருக்கும் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். தட்டு காலியான பிறகுதான் நிஷாந்தினி வாயைத் திறந்தாள்.

"ஏன் அப்படிப் பண்ணுன?"

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோன அன்னைக்கு நான் தனியா இருந்தேன். ஒன் வீடியோவ பாத்து சிரிச்சேன். ஸ்டிக்கர் போட்டதும் எல்லாரும் என்கூட பேச ஆரம்பிச்சாங்க. நிறுத்த மனசு வரல." தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப அழிச்சிட்டேன். ஆனா மத்தவங்க சேவ் பண்ணி வச்சிருக்காங்க" என்றாள்.

"அப்ப அவங்ககிட்டயும் நீயே சொல்லு."

சிந்துஜா குழுவில் மன்னிப்பு எழுதினாள். பாதிப் பேர் அடங்கினார்கள். மீதிப் பேரை வகுப்பாசிரியை பார்த்துக்கொண்டார். மழை பலமாகப் பெய்தால் நிஷாந்தினிக்கு இப்போதும் தூக்கம் வராது. ஆனால் "பயமா இருக்கும்மா" என்று சொல்கிறாள், சுதர்சினி பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

சிந்துஜாவின் அம்மாவை வார்டிலிருந்து அனுப்பிய நாளில் வீரசிங்கம் இருவரையும் பேராதனைக்குக் கூட்டிப்போனார். சக்கர நாற்காலியில் வந்த அம்மா, மகளின் தலையைத் தடவிவிட்டு, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"இது யாரு, ஒன் கூட்டாளியா?"

சிந்துஜா மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

நிஷாந்தினி கொஞ்சம் யோசித்தாள். "ஒரே கிளாஸ், அத்த" என்று சொல்லிவிட்டு, அவளிடமிருந்து மருந்துப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.