மடியில் ஒரு லுங்கி

இன்று மாலை என் கைப்பேசியில் அலாரம் அடித்தது. மகள் ஓடிவந்து நிறுத்திவிட்டு, "இது இன்னாத்துக்கும்மா அடிச்சுது?" என்று கேட்டாள். தெலுங்கு நோட்டைப் பையில் எடுத்து வைக்கத்தான். அவளுக்காக நான் வைத்த அலாரம். ஏழு வயதாகிறது, சத்தம் கேட்டதும் வருகிறாள், எதற்கென்று என்னைக் கேட்கிறாள்.

நான்கு வயதில் இவள் இப்படி இல்லை. அப்போது திருப்பதியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். இவளுடைய அப்பாவுக்கு, இவள் வாயில் நைனாவுக்கு, சித்தூர் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசனில் அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் பழ வாசம் போகாது. இன்றும் கடையில் அந்த வாசம் வந்தால், பழம் வாங்கத் தோன்றுவதில்லை. அந்த ஒரு சாயங்காலம்தான் வந்து நிற்கிறது.

பள்ளி திறந்த புதிது. பழ வேஷம் போடும் விழாவில் இவள் மாம்பழம். மஞ்சள் கவுன் இருந்தது. கையில் பிடிக்க இலையோடு ஒரு மாங்கொத்து வேண்டும். சொன்னால் நைனா மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் புத்தலப்பட்டுத் தோப்பில் கேட்டு வாங்கி வருவார். "நைனா வந்ததும் நீதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்" என்றேன். பொறுப்பு வரட்டுமாம். பிள்ளை வளர்ப்பில் அப்போது எனக்கு இப்படி நிறையத் திட்டங்கள்.

மதியமெல்லாம் இவள் அவருடைய லுங்கியைக் கொடியிலிருந்து இழுத்து, மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். துவைத்த துணி மண்ணில் புரண்டது. பிடுங்கி உதறி மறுபடி கொடியில் போட்டேன். அழுதாள். தூக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வந்தார், லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டார், சாப்பிட்டார், படுத்தார். இவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிறாளா பார்க்கலாம் என்று காத்திருந்த நானும், வெட்கக்கேடு, மறந்தே போனேன்.

விழா நாளன்று கவுனை மாட்டும்போதுதான் நினைவு வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"லுங்கி எங்கன்னு நைனா கேட்டுக்கினு வருவாரில்ல, அப்ப ஞாபகம் வரும், குடுத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். நீதான் எடுத்து கொடில மாட்டிட்ட."

மேடையில் வெறுங்கையோடு நின்றாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பயந்துபோய், அவள் ஞாபகத்தையும் சேர்த்து நானே சுமக்கத் தொடங்கினேன். சுவரில் சீட்டு ஒட்டினேன், டைரி எழுதினேன். அதன் பிறகும் சில நாள் தண்ணீர் பாட்டில் கதவுக்குக் குறுக்கே கிடக்கும், சாப்பாட்டுத் தட்டில் பென்சில் இருக்கும். எதைச் சொல்லவோ செய்யவோ நினைவுக்கு வைத்திருக்கிறாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எடுத்து எடுத்து ஒழுங்காக அடுக்கினேன். அவள் அப்படி வைப்பது என்றைக்கு நின்றது என்று தெரியாது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் மெச்சுகிறார்கள், பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு பொருள்கூட இடம் மாறிக் கிடக்கவில்லையே என்று.