ஐஸில் வைத்த குழம்பு

கூடையை யார் கொண்டுவந்து இறக்கினாலும் சொக்கலிங்கம் மேலே கிடக்கிற மீனைப் பார்க்க மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் ஒன்றை இழுத்து, செவுளைப் பிரித்துப் பார்ப்பார். மேலே இருப்பது வேடிக்கை காட்ட வைத்தது, அடியில் இருப்பதுதான் சரக்கு என்பார். அந்தமானில் படகுகள் அணையும் ஜங்லிகாட் ஜெட்டியில் காலை ஏலம் கூவுகிறவர் அவர்தான். சொந்தத் தம்பி படகில் பிடித்து வந்தாலும் அடியில் கை விட்டுப் பார்க்காமல் அவர் வாய் திறக்காது. பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும் அவருக்கு 'ஷக் சேட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்தேக முதலாளி என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். வைத்தவன் யார் என்றுதான் தெரியாது. அதிலும் இரண்டு மூன்று பேர் மேல் சந்தேகம்.

அப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ரோடு வேலைக்குக் கப்பலேறி வந்தவர். சொக்கலிங்கம் பிறந்தது, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது, எல்லாம் போர்ட் பிளேரில். பெண் மட்டும் பரமக்குடியில் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்து வரும்போது மங்கையர்க்கரசி கப்பலில் வாந்தி எடுத்துப் படுத்தே கிடந்தாள். பிடிக்காத கல்யாணம், அதனால் நடிக்கிறாள் என்று இவர் நினைத்தார். தீவு கண்ணில் படும்வரை, "நெசமாவே தலை சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவளும் வாளியிலிருந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்னாள். அப்படித்தான் அவர்கள் குடித்தனம் ஆரம்பித்தது. மகள் உமா மகேஸ்வரி படித்து முடித்து சென்னையில் வேலைக்குப் போகிற வரைக்கும் அது ஒருவாறு ஓடவும் செய்தது.

போன மழைக்காலத்தில் சொக்கலிங்கத்தின் இடது கண் இமை இறங்க ஆரம்பித்தது. பாதி ஷட்டர் போட்ட கடை மாதிரி. காலையில் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் இறங்கும். சாயந்திரம் பேச்சு மூக்கில் வரும், நாக்கு தடித்துப்போனதுபோல் குழறும். மங்கையர்க்கரசிக்கு அதைப் பார்த்து வேறு எதுவும் தோன்றவில்லை. குடிக்கிறார் என்று முடிவு செய்தாள். கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்தாள். தூங்கும்போது வாயருகே குனிந்து முகர்ந்தாள். மீன் வாடைதான் வந்தது. வாடை தெரியாத சரக்கு ஏதோ வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

சொக்கலிங்கத்தின் சந்தேகம் வேறு பக்கம் போனது. ஜெட்டியில் ஐஸ் பெட்டி பக்கத்தில் நிற்கும்போது தனக்கு ஒன்றும் இல்லை. ஈரத்துணியில் ஐஸைச் சுற்றி முகத்தில் ஒற்றினால் இமை நிமிர்ந்தே விடுகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டால்தான் எல்லாம் வருகிறது. சாப்பிடும்போதும் முதல் நாலு வாய் நன்றாக மெல்ல முடிகிறது. பாதிச் சோற்றில் தாடை ஓய்ந்துபோகிறது. ஒருநாள் கையால் தாடையைத் தூக்கிக் கொடுத்து மென்றார். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குழம்பில் எதையோ போடுகிறாள்.

எதற்குப் போடுகிறாள் என்பதும் அவருக்குக் கிடைத்துவிட்டது. "பேசாம மெயின்லேண்ட் போயிடலாமா, உமா பக்கத்துல இருக்கலாம்" என்று அவள் ஒரு பேச்சு எடுத்திருந்தாள். அவள் அண்ணன் அழகையா பரமக்குடியிலிருந்து அடிக்கடி போன் பண்ணுகிறான். இவர் அறைக்குள் வந்தால் பேச்சு மாறுகிறது.

சோதித்துப் பார்க்க அப்ஸல் கடையில் பரோட்டா சாப்பிட்டார். அங்கேயும் பாதியில் தாடை நின்றது.

"என்ன சொக்கண்ணே, நம்ம பரோட்டா அவ்வளவு கெட்டியாவா இருக்கு?" என்றான் அப்ஸல்.

"பாய், மங்கை இங்க வந்தாளா?"

"அக்காவா? நேத்து வந்தாங்க. சல்லடை வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க. ஏன்?"

அது போதும் அவருக்கு. பரோட்டாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளே அவள் பெயருக்குச் சென்னைக் கப்பலில் ஒரு டிக்கெட் எடுத்தார். போக மட்டும், திரும்பி வர இல்லை. ஆனால் சும்மா அனுப்பினால் ஊர் இவரைத்தான் பேசும். கையில் ருசு வேண்டும். டாக்டர் வாயால் விஷம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் கப்பல்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடித்தபோது அது மூக்கு வழியாக வந்தது. மங்கையர்க்கரசி பயந்துபோனாள்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"போவோம். நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

இவர் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் கேட்டது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் சொக்கலிங்கம் சுர்மாய் மீன் குழம்பை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி மூடி, தெர்மாகோல் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் ஐஸை அடைத்தார். மீனைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவருக்கு ருசுவைக் கெடாமல் வைக்கத் தெரியாதா. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டருக்கு மீனா?" என்றாள்.

"ம்" என்றார்.

டாக்டர் திக்லிபூர் பக்கத்துப் பெங்காலி அம்மா. தீவு இந்தியில்தான் பேசினார். மங்கையர்க்கரசி முந்திக்கொண்டாள்.

"டாக்டர், இவர் குடிக்கிறாரான்னு ரத்தத்துல பாருங்க."

"என் ரத்தத்துல வேற ஒண்ணு இருக்கும், அதைப் பாருங்க" என்றார் சொக்கலிங்கம்.

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். மேலே ஓடுகிற ஃபேனைக் கண் எடுக்காமல் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இரண்டு இமையும் மெல்ல இறங்கின. சத்தமாக எண்ணச் சொன்னார். ஏலம் கூவுகிற குரல், கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக மூக்குக்குள் இறங்கி, பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி கரகரத்து நின்றது. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஐஸ் கேட்டார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று பதில் வந்தது.

"அவர்கிட்ட இருக்கு டாக்டர். பெட்டி நெறைய இருக்கு" என்றாள் மங்கையர்க்கரசி.

சொக்கலிங்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவள் அதற்குள் மூடியைத் திறந்து ஐஸை விலக்கியிருந்தாள்.

"இது நம்ம டப்பால்ல? குழம்பா கொண்டாந்தீங்க?" முகம் மலர்ந்தே கேட்டாள். தன் குழம்பை டாக்டருக்குக் கொடுக்கிற அளவுக்கு அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். சொக்கலிங்கம் ஃபேனைப் பார்த்தார்.

டாக்டர் ஒரு கையுறையில் ஐஸைப் போட்டு இடது கண்மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். இமை நிமிர்ந்திருந்தது.

"இது எனக்குப் பழசு" என்றார் சொக்கலிங்கம்.

"எனக்கு இது போதும். மீதியை டெஸ்ட் உறுதி பண்ணும்" என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். மூளை கொடுக்கிற உத்தரவு நரம்பு வழியாகக் கரண்டாகத்தான் போகிறது.

"உடம்புல கரண்டா? அப்ப ஏன் ஷாக் அடிக்கல?"

"ரொம்பச் சின்ன கரண்ட். ஒயர்ல போற மாதிரி போகாது. நரம்போட சுவர்ல உப்பு உள்ளே பாயுது, உடனே இன்னொரு உப்பு வெளியே வருது. ஒரு இடத்துல பாய்ஞ்சா பக்கத்து இடத்தைத் தட்டிவிடும். அப்படியே கடைசி வரைக்கும் ஓடிவரும். ஆனா நரம்பு போய்த் தசையைத் தொடுறதில்லை. நடுவுல ஒரு இடைவெளி, முடியைவிட ரொம்ப ரொம்பச் சின்னது. கரண்டு அதைத் தாண்டாது."

"அப்புறம்?"

"கப்பல் கரைக்கு வர முடியாம வெளியே நின்னா சரக்கு எப்படி வரும்?"

"டிங்கியில, சின்னப் படகுல."

"அதேதான். கரண்டு வந்து சேர்ந்ததும் நரம்பு நுனி ஒரு ரசாயனத்தை அவிழ்த்து விடும். அதுதான் டிங்கி. எதிர்ப்பக்கம் தசையில அதைக் கட்டுறதுக்குக் கட்டைங்க இருக்கு. போய்க் கட்டினாத்தான் தசை இழுக்கும், இமை தூக்கும், தாடை மெல்லும். உங்களுக்குக் கப்பல் சரி, டிங்கி சரி. கட்டைங்களை உடைச்சு வெச்சிருக்கு. காலையில டிங்கி நெறைய வரும், இருக்கிற கட்டையில ஒருமாதிரி ஓட்டிடலாம். வேலை செய்யச் செய்ய வர்ற டிங்கி குறையும். அப்ப ஓய்ஞ்சுடுது. நீங்க மென்னதனாலதான் தாடை ஓய்ஞ்சது. எதை மென்னாலும் ஓயும்."

கடைசியில் சொன்னது சொக்கலிங்கம் காதில் ஏறவில்லை. அவர் ஒன்றில் நின்றுவிட்டார்.

"உடைச்சது யாரு?"

டாக்டர் சொன்னார்: "பாஹர் கா கோயி நஹி. கர் கா ஆத்மி ஹி ஹை."

வெளியாள் யாரும் இல்லை, வீட்டு ஆள்தான். சொக்கலிங்கம் எழுந்தே விட்டார். ஐஸ் வைத்த கண் அகலத் திறந்திருந்தது.

"கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாங்க. வீட்டு ஆள்தானாம். டாக்டர், அந்தக் குழம்பை டெஸ்டுக்கு அனுப்புங்க. என்ன விஷம்னு எழுதிக் குடுங்க."

மங்கையர்க்கரசி டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி இறங்கிக்கொண்டே வந்தது. டப்பாவைத் திறந்து, ஐஸில் உறைந்து எண்ணெய் கட்டியிருந்த குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மீன் துண்டை முள் எடுத்துச் சாப்பிட்டாள். டப்பாவின் ஓரத்தையும் வழித்தாள். நர்ஸ் கதவருகே அப்படியே நின்றாள்.

"வீடுன்னா உங்க உடம்பு" என்றார் டாக்டர், மெதுவாக. "உள்ளே காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. வெளியிலிருந்து வர்ற கிருமியைப் பிடிக்கிறது அவங்க வேலை. உங்க காவல்காரங்களுக்குச் சொந்தக் கட்டையைப் பார்த்தே சந்தேகம். திருடன்னு நினைச்சு உடைக்கிறாங்க. இவங்க ஒண்ணும் பண்ணல."

சொக்கலிங்கம் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், "அப்ப ஐஸ் வெச்சா ஏன் தூக்குது?" என்று கேட்டார்.

"கட்டின டிங்கியை உடனே அவிழ்த்து அப்புறப்படுத்த அங்க ஒரு ஆள் இருக்கான். குளிர்ல அவன் கை மந்தமாகும். டிங்கி கொஞ்சம் கூடுதலா நிக்கும். இந்த மாத்திரையும் அதையேதான் செய்யும். கட்டையை இது சரி பண்ணாது, அதுக்கு வேற மருந்து இருக்கு. டெஸ்ட் வரட்டும். இதைச் சாப்பாட்டுக்கு முந்தி போட்டுக்கங்க, மெல்ல முடியும். மூச்சு விடக் கஷ்டமா இருந்தா மட்டும் நிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்."

திரும்பும்போது ஆட்டோவில் பெட்டி அவள் மடியில் இருந்தது.

அன்றிலிருந்து அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, அவர் தட்டிலிருந்தே முதல் வாயை எடுத்துத் தான் சாப்பிட்டுக் காட்டுவாள். பிறகு, "ம், சாப்பிடுங்க" என்பாள். இரண்டு வேளையும். அப்ஸல் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோதும் எடுத்தாள். மாத்திரை நன்றாக வேலை செய்தது. தாடை கடைசிச் சோறு வரை ஓடியது. தொண்டையில்தான் இறங்கவில்லை.

டிக்கெட்டைச் சட்டை துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். அலமாரியில் உப்பு ஜாடிக்கு அடியில் அது தெரிந்தது. போகிறேன் என்றும் சொல்லவில்லை, கிழித்தும் போடவில்லை. தானே எடுத்த டிக்கெட்டைத் தினமும் எட்டிப் பார்ப்பதாக ஆகிவிட்டது சொக்கலிங்கத்தின் பிழைப்பு. அவள் மடித்து வைக்கிற ஒவ்வொரு புடவையும் பெட்டிக்குப் போகிறதா பீரோவுக்குப் போகிறதா என்று பார்த்தார்.

கப்பல் புறப்படுகிற அன்று ஏலத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தார். அவளுடைய பை வாசல் பக்கம் இருந்தது. மூடியிருந்தது. அவள் மாத்திரையும் தண்ணீரும் வைத்தாள். கொஞ்சம் பொறுத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கையை நீட்டவில்லை.

"என்ன, எடுக்கலையா?" என்றார்.

"இன்னிக்கு எடுக்க மாட்டேன். ஒண்ணு சொல்லணும். நீங்க குடிக்கிறீங்கன்னு நெனச்சேன்ல, பக்கத்து வீட்டுப் பொன்னம்மா ஒரு பொடி குடுத்தா. குழம்புல கலந்து குடுத்தா குடியை நிறுத்திடுமாம். வாங்கி வெச்சேன். அப்ஸல் கடையில சல்லடை வாங்கினதுகூட அதைச் சலிக்கத்தான்."

சொக்கலிங்கத்தின் கை சோற்றின் மேல் நின்றது.

"போட்டியா?"

"போடல. கைக்கு வரல. சாக்கடையில கொட்டிட்டேன்."

"எப்பக் கொட்டின?"

"கொட்டிட்டேன்னு சொல்றேன்ல. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. நம்பினா சாப்பிடுங்க. இல்லன்னா ஹாடோ துறைமுகத்துக்கு ஒரு ஆட்டோ சொல்லுங்க. கப்பல் இன்னும் நிக்குது."

ஹாடோ பக்கமிருந்து கப்பல் ஊதியது. சொக்கலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். எவ்வளவோ வருஷம் ஆட்களின் முகத்தைப் பார்த்து விலை சொன்னவர். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. களைத்துப்போன ஒரு முகம், அவ்வளவுதான்.

"அந்தப் பொடி எப்படி இருக்கும்?"

"கசக்கும்னு சொன்னா."

அவர் ஒரு வாய் எடுத்து வைத்து மென்றார். கசக்கவில்லை. குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியை ஆழமாக விட்டு, அடியில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் பிட்டு வாயில் வைத்து நன்றாக மென்றார்.

அதுவும் கசக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.