அண்ணன் லாரிக்கு நாங்கள் போட்ட மெரூன் சீட்

டீசலும் பீடியும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாசனை... அண்ணனுடைய லாரிக் கதவைத் திறந்தாலே மூக்கில் வந்து இடிக்கும். கிழிந்த ரெக்ஸினுக்குள்ளிருந்து தேங்காய் நார் தாடி மாதிரி தொங்கும். தரைப்பலகையில் ஒரு ஓட்டை. அது வழியாக ஜி.எஸ்.டி. ரோடு ஓடுவதை வேடிக்கை பார்க்கலாம்!

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா ஆபீஸ் கிளார்க். நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. யாரோ தலைமுழுகிய பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டு, பம்மல் பக்கமிருந்து ஜல்லி அடித்துக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதியோடு வீட்டில் ஆஜராகிவிடுவான்.

அவனுக்கு லீலாவைப் பிடித்திருந்தது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற பெண். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தரதரவென்று இழுத்துப்போக வேண்டிய ஆள், முதல் மணிக்கு முன்னாலேயே தலை சீவிக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அப்பா பேசிப் பார்த்தார். லீலாவின் அப்பாவும் ஆபீஸ் உத்தியோகம். லாரி என்றதும் இழுத்தார். கடைசியில், "பூசை முடிஞ்சு ஒரு நாள் வந்து வண்டியையும் பாத்துட்டுப் போறோம்" என்றார்.

எங்கள் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "லாரின்னா மட்டமா நினைக்கிறாங்க. உள்ள ஏறிப் பாத்தா ஆபீஸ் ரூம் மாதிரி இருக்கணும்டா!"

கையில் காசு கிடையாது. அதனால் எல்லாமே ஓசி, இல்லாவிட்டால் பழசு.

ஒரு சினிமா கொட்டகையில் நாற்காலிகளை மாற்றினார்கள். உரித்துப் போட்ட மெரூன் ரெக்ஸினை அண்ணன் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்தான். சோடா உப்புப் போட்டு நான் தேய்த்த தேய்ப்பில் கை தோல் உரிந்தது. மெஷினில் தைத்தால் ஊசி உடைகிறது... கோணி ஊசியால் கையாலேயே தைத்தேன். புது நார் அடைத்து அப்பாவும் அண்ணனும் ஆணி அடித்தார்கள். ஓட்டை மேல் பலகை வைத்து, அதற்கு மேல் ஒரு லினோலியத் துண்டு. அம்மாவின் பழைய வாயில் புடவை ஜன்னல் கர்ட்டன் ஆனது.

கோயில் ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை பெயின்ட்டைச் சாமியார் கொடுத்தார். உள்ளே முழுக்க அதே பச்சை. "ஏறி உக்காந்தா பாவசங்கீர்த்தனம் பண்ணத் தோணுது" என்றாள் அம்மா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவுக்கு ஆசை விடவில்லை. "லோடு ஆளுங்க எப்படியும் ஜல்லி மேலதான் உக்காந்து வர்றாங்க" என்று சொல்லி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டு அங்கே ஒரு நீளமான மரப்பெட்டியைப் பொருத்தினார். உள்ளே துணிமணி, டிபன் கேரியர். மேலே சாய்ந்துகொள்ள இலவம்பஞ்சுத் தலையணை. எதிரே சட்டை மாட்டக் கொக்கி, முகம் பார்க்கக் கண்ணாடி. எங்களுக்கு ஒரே பெருமை.

லீலாவையும் கூடவே அழைத்து வந்தார் அவள் அப்பா. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் நாகரிகமாகத் தள்ளி நின்றோம்.

அவள் இறங்கியதும் அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "எல்லாமே இதுலயே இருக்கே தம்பி! வீடுன்னு ஒண்ணு எதுக்கு உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் அப்பாதான் அதிகம் சிரித்தார்.

சில நாள் கழித்துச் சேதி வந்தது. பையன் வீடு தங்க மாட்டான் என்று பயப்படுகிறார்களாம்...

தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தவன் அவன்! அதற்கப்புறம்தான் பெங்களூர், விஜயவாடா என்று வெளியூர் லோடு எடுக்க ஆரம்பித்தான். ஊருக்கு வந்தாலும் ரோட்டோரம் நிறுத்திவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்வான். அம்மா தட்டில் சோறு போட்டு எடுத்துப் போவாள். லீலாவுக்குத் திருச்சியில் கல்யாணம் ஆனது. அண்ணன் கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நார் தொங்குகிற சீட்டோடு அப்படியே விட்டிருந்தால், ஐயோ, இவனைக் கவனிக்க ஒருத்தி வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமோ...

இப்போது அண்ணன் என்னோடுதான் சேலையூரில் இருக்கிறான். போன மாதம் வண்டலூர் பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். பக்கத்தில் ஒரு புது லாரி. ஏ.சி. கேபின், சோபா மாதிரி சீட்டு... எல்லாம் கம்பெனியிலிருந்தே வருகிறதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே மணிக்கணக்கில் போனில் பேசி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அன்றைக்கு அவ்வளவு பேர் நடுவில் அண்ணனுக்கும் லீலாவுக்கும் கிடைத்தது ஒரு நிமிஷம்தான்.

நான் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு லீலா அப்பா மட்டும் அப்படி நினைக்காம இருந்திருந்தா..."

அண்ணன் அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்கப்பா மேல இன்னா தப்பு ஜெசி... அந்தப் பொண்ணு உள்ள ஏறி ஒண்ணு ஒண்ணா தொட்டுப் பாத்துச்சு. அப்பால என்னைப் பாத்து மெதுவா, 'எல்லாம் நல்லா இருக்கு, நான் எங்க உக்காருவேன்?'னு கேட்டுச்சு."

இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது... பொட்டியவே பாத்துகினு நின்னேன். அத்தத் தூக்கிக் கீழ வெக்க எவ்ளோ நேரம் ஆயிருக்கும், சொல்லு?"