எதிர்ப்பக்கத்து நாற்காலி

என் சிநேகிதருக்கு நிழலில் நாற்காலி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, நான் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் மேற்குப் பக்கம் கூரை உண்டு, நாற்காலி உண்டு. நாங்கள் எப்போதும் உட்காருவது கிழக்குப் பக்கம். சிமெண்டுப் படிகள்தான். நாலு மணி ஆட்டம் என்றால் இடைவேளை வரைக்கும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து நின்று எனக்குக் கையாட்டினார். கண் கூசியது போலப் பாவனை செய்து நான் குனிந்துகொண்டேன்.

கரமனையில் அக்ரஹாரத் தெரு முடிந்து பஸ் போகிற சாலை தொடங்கும் இடத்தில் என் இஸ்திரிக் கடை இருக்கிறது. என் சிநேகிதர் அந்த அக்ரஹாரத் தெருக்காரர், அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. துணி கொடுக்க வந்த இடத்தில் பந்தாட்டம் பேசிப் பழகியவர். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். பதினெட்டு வருஷமாக ஒரே படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்திருக்கிறோம். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் இல்லை. துணி வாங்கும்போதுகூட எண்ணிக்கை சொல்வதோடு சரி. வாய்விட்டுக் கத்துவது அந்தப் படியில் மட்டும்தான். அங்கே மட்டும் என் குரல் எனக்கே கேட்கும்.

எங்கள் கிளப் பெரிய கிளப் இல்லை. அதைப் புது முதலாளிகள் வாங்கிய பிறகு எதுவும் எங்களுக்குத் தெரிவதில்லை. பல வருஷம் எங்கள் கோல் காத்தவர் வேறு கிளப்புக்குப் போனதே, அவர் அந்தச் சட்டையோடு எங்களுக்கு எதிராக இறங்கி நின்றபோதுதான் தெரிந்தது. கிழக்கு வாசலை அடைத்துவிட்டு எங்களை மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள், உள்ளே வைத்த கேன் இடைவேளைக்கு முன்பே காலியாகிவிடும். வாசலில் கேட்டால் ஆபீஸில் கேள் என்பார்கள். ஆபீஸில் கேட்டால் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். இதற்கிடையில் அடுத்த வருஷத்து ஆட்டங்களை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ரசிகர்களின் குறை கேட்க மாதம் ஒரு கூட்டம், மைதானத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள் வரலாம் என்று கிளப் அறிவித்தது. ஆட்டம் முடிந்து கிழக்குப் பக்கத்து ஆட்கள் படிக்கட்டின் கீழே கூடினோம். பெரும்பாலும் மலையாளிகள். எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிற ஒரு பழக்கடைக்காரர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"சேட்டன் போகாமோ? சேட்டன் ஒரு களியும் விட்டதில்லல்லோ."

ஓர் ஆட்டம்கூட நான் தவறவிட்டதில்லை என்று அவர் சொன்னது உண்மை. போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காப்பியானாலும் சரி, கல்யாண வீட்டில் இரண்டாம் பாயசமானாலும் சரி. மறுபடி கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

"ஏய், எனக்கொண்ணும் வேண்டா," என்றேன்.

"செரி. சாமியோ?"

"போறேன்," என்றார் சாமி.

அவ்வளவுதான். மறுபடி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சாமி வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாதா என்று அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கூட்டத்துக்குப் போகிற ஆளுக்கு ஒரு பாஸும் மேற்கே நாற்காலியும் கொடுத்தார்கள். முதல் கூட்டத்துக்குப் போட்டுப்போக அவர் வெள்ளைச் சட்டையை என்னிடம்தான் தந்தார். காலரை இரண்டு தடவை தேய்த்தேன். எனக்கு அப்படி ஒரு சட்டை இல்லை. கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், அதை என் மேலே வைத்துப் பார்த்தேன். தோள் சரியாக இருந்தது.

கூட்டம் முடிந்து வந்தவரிடம் கேட்டேன்.

"சாமி, வல்லதும் தெரிஞ்சுதா? களி இங்கேதானா, இல்ல போயிருமா?"

"அவாள்லாம் நன்னாப் பேசறா, அண்ணாச்சி. ஆனா இப்போ ஒண்ணும் வெளியில சொல்லப்படாது."

"என்கிட்டயுமா?"

"கொஞ்சம் பொறுங்கோ. எல்லாம் வரும், கேட்டேளா."

இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகும் இதே பதில். அந்த வார ஆட்டத்தில், படியில் என் பக்கத்து இடத்தில் யாரோ ஒருவர் குடை வைத்திருந்தார். நானும் கத்திப் பார்த்தேன், பாதியில் நின்றுபோனது. எதிர்ப்பக்கத்தில் அவர் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆள் கோல் போட்டபோது அவர் எழுந்து குதிக்கவில்லை, பக்கத்தில் இருந்த கோட்டுக்காரரிடம் திரும்பி என்னவோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் டீக்கடையில் கடைக்காரர் கேட்டார்.

"உம்ம சாமி என்ன சொல்லுகாரு?"

"அவருக்கு எல்லாம் தெரியும், ஓய். பாஸும் நாற்காலியும் கிட்டின ஆளு வாயைத் தொறப்பாரா?"

பழக்கடைக்காரரும் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

மூன்றாவது கூட்டமும் முடிந்து அடுத்த ஆட்டத்தில், இடைவேளைக்கு எங்களைப் பார்க்க சாமி கிழக்கே வந்தார். வழக்கமாக நகர்ந்து இடம் விடுகிறவர்கள் யாரும் நகரவில்லை.

"சாமிக்கு ஏசி போட்டாளா, இல்ல ஃபேன்தானா?" என்று மேல் படியிலிருந்து ஒருவர் அவர் பாஷையிலேயே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்கண்டா. நம்மளை எத்தர நாற்காலிக்கு வித்தாருன்னு கேளு," என்றார் இன்னொருவர்.

சாமி என்னைப் பார்த்தார். நான் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார். நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தொலி நிறைய விழுந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் துணி வாங்க வந்த சாமி, வாங்காமல் நின்றார்.

"அண்ணாச்சி, நேக்கு ஒண்ணும் தெரியாது."

"என்னது?"

"மூணு மீட்டிங் ஆச்சு. டீ தந்தா, வடை தந்தா, புது ஜெர்சிக்கு என்ன கலர் வேணும்னு கேட்டா. களி எங்கேன்னு கேட்டா, ஆகட்டும் பாப்போம்னு வேற பேச்சுக்குப் போயிடறா. ஒண்ணும் தெரியாம வந்தேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்தது."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவருக்கும் தெரியாது என்கிற சந்தோஷம். அது முகத்தில் தெரியாமல் இருக்கப் பெட்டியில் கரியைக் கிளறினேன்.

"அந்தப் பாஸ் பேச்சு எங்கேர்ந்து கிளம்பித்துன்னு தெரியும், அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாசகம் வாயில் இருந்தது, அவர் தெரு திரும்பும் வரை இருந்தது.

நாலாவது கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, பதில் வராமல் உட்கார மாட்டேன் என்றாராம். வடைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டாராம். கடைசியில் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஆட்டங்கள் வேறு மாவட்டத்தில்தான். ஒப்பந்தம் போட்டாயிற்று. முதல் கூட்டத்துக்கு முன்பே போட்டாயிற்று.

இதை அவர் நேராக என் கடைக்கு வந்து சொன்னார். கிளப் போகிறது என்று நான் அழுதிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"எல்லாரும் பாத்தாங்களா சாமி, நீங்க எழுந்து நின்னதை?"

"பாத்தா."

"பின்னே என்ன சொன்னீங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்க."

சொன்னார். அங்கே எழுந்து நின்றால் சொல்ல வேண்டியதை நானும் இரவும் பகலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். என்னுடையது இன்னும் நன்றாக இருந்தது.

பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கடைசி ஆட்டத்துக்குக் கிழக்கே வந்தார். படி முழுக்க எழுந்து நின்றது. பழக்கடைக்காரர் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், கடலையும் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கையைக் குலுக்க வந்தவர்கள் எல்லோரும் என் முழங்காலைத் தாண்டித்தான் குலுக்கினார்கள்.

இந்த வருஷம் ஆட்டம் நடக்கும் ஊருக்குப் போய்வர ஒரு பகல் முழுக்க வேண்டும். அவருக்கு ஞாயிறு விடுமுறை. நான் ஞாயிறு மாலை மட்டும்தான் கடை அடைக்க முடியும், காலையில் துணி வாங்கப் பத்து வீடு வரும். அவர் பழக்கடைக்காரர்கூட ரயிலில் போகிறார். முதல் ஆட்டத்தன்று சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணாச்சி, கேக்கறதா? நம்ம ஆளுகள்தான், கேளுங்கோ."

போனை உயர்த்திப் பிடித்திருப்பார் போல. ஒரே இரைச்சல். அதில் அவர் குரலும் இருந்தது, பழக்கடைக்காரர் குரலும் இருந்தது. நான் பூட்டிய கடையின் பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தேன்.

"ஆள் நிக்குது சாமி, துணி எடுக்கணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யாரும் நிற்கவில்லை.