சிப்பிக் கயிற்றுப் பசையும் முப்பத்தொரு கையெழுத்தும்

"இணைப்பு நான்கு: துணைப் பணியாளர். பெயர்: எர்சிலியா பார்ரியா. வயது: 53. பணி: கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுதல், பொதுத் துப்புரவு. கண்டுபிடிப்பில் பங்கு: இல்லை."

எர்சிலியா குடுவை கழுவி நான் பார்த்ததில்லை. பதினாறு வருடங்களாக அவர் வேலை பார்த்த கடல் ஆய்வகத்தில் குடுவை கழுவியவர்கள் முனைவர் பட்ட மாணவர்கள். கழுவியது போதாது என்று திருப்பி அனுப்பியவர்தான் எர்சிலியா.

ஆய்வுகளைக் கம்பெனிகளாக மாற்றுவதற்கென்றே எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம் உண்டு. அரசு நிதிக்குப் போகும் விண்ணப்பங்களை அங்கே சரிபார்ப்பது என் வேலை. மேலே உள்ள இணைப்பும் அப்படி ஒரு விண்ணப்பத்தில் வந்ததுதான். இதுவரை எந்த ஆய்வும் கம்பெனியாக மாறவில்லை. விண்ணப்பங்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே வருகின்றன.

ஆய்வகத் தலைவர் டாக்டர் ஒசாந்தோன் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து எங்கள் சிலோயே தீவுக்கு வந்தபோது ஒரு பூச்சுடன் வந்தார். சிப்பி வளர்க்கும் கயிறுகளில் அதைத் தடவினால் பாசி ஒட்டாது, சிப்பிக் குஞ்சு மட்டும் ஒட்டும். தலைநகரின் தொட்டியில் அப்படித்தான் நடந்ததாம். எங்கள் கடலில் ஒன்பதாம் நாள் உரிந்துவிட்டது. நான்காவது முறையும் உரிந்தபோது, மிச்சக் கயிறுகளை எர்சிலியா வீட்டுக்கு எடுத்துப்போனார். மில்காவோ ரொட்டிக்காக உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்தால் அடியில் தங்குமே மாவு, அதையும் ஊல்மோ மரப்பட்டை வேகவைத்த நீரையும் சேர்த்துக் கிண்டி, கயிற்றில் பூசிக் கடலில் இறக்கினார். ஐந்து மாதம் கழித்துக் கயிற்றைத் தூக்கியபோது சிப்பி இருந்தது, பாசி இல்லை. டாக்டர் அளவு என்னவென்று கேட்டார். எர்சிலியா சொன்னார். அதன்பிறகு இரண்டு வருடம் டாக்டர் வரைபடங்கள் வரைந்தார். வரைபடங்கள் அவருடையவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த இரண்டு வருடமும் பல்கலைக்கழகப் படகு பழுது. அதனால் சோதனை எர்சிலியாவின் ஊரான கில்மோ குடாவில், அவர் கொழுந்தன் எரிபெர்த்தோவின் படகில் நடந்தது. எர்சிலியா மிங்கா கூப்பிட்டார். மிங்காவில் கூலி கிடையாது. வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு, பின்னால் அவர்கள் நிலத்தில் கிழங்கு தோண்டப் போக வேண்டும். ஊரே வந்து கயிறு பூசியது. பூசிய கையோடு செய்முறையும் கேட்டது. வேலைக்கு வந்தவரிடம் அதை மறைப்பது சாப்பாட்டை மறைப்பது மாதிரி. சொன்னார். அடுத்த பருவத்தில் வீட்டுக்கு ஒரு பீப்பாய் பசை.

மிங்காவுக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத சோதனை நடக்காத சோதனை. ஆகவே விண்ணப்பத்தில் "பல்கலைக்கழகத் தொட்டியில் சோதிக்கப்பட்டது" என்று எழுதினார்கள்.

பிறகு சந்தை ஆய்வு. ஒரு மாணவி கில்மோவில் முப்பத்தொரு வீடு ஏறி, இப்படி ஒரு பசை வந்தால் பயன்படுத்துவீர்களா என்று கேட்டாள். எல்லாரும் சூடாக மாத்தே இலைத் தேநீர் கொடுத்து, ரொட்டி கொடுத்து, ஆமாம் என்றார்கள். எரிபெர்த்தோ வீட்டில் அவள் உட்கார்ந்ததே பசைப் பீப்பாயின் மேல்தான். முடிவு: நூறு சதவீத வரவேற்பு.

ஒரு வியாழக்கிழமை எர்சிலியாவை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்தார்கள்.

"காப்புரிமைக்கு ஒரு சின்ன கையெழுத்து, எர்சி. ஆய்வகத்துல எல்லாரும் போடணும்," என்றார் டாக்டர். "இன்னிக்கி வரைக்கும் இது வெளியே யாருக்கும் தெரியாது, யாரும் பயன்படுத்தலைன்னு. அவ்வளவுதான்."

"படிச்சிட்டுப் போடறேன் டாக்டர்."

"படிக்க ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு காகிதம்?"

நின்றபடியே முழுக் கோப்பையும் படித்தார். நான்காம் இணைப்பில் விரல் நின்றது.

"நான் குடுவை கழுவறேனா?"

"ஃபாரத்துல மூணே பதவிதான் இருக்கு எர்சி. உங்களுக்குப் பட்டம் இல்லையே, நான் என்ன பண்ண?"

"பட்டம் வாங்கின பூச்சு ஒன்பது நாள்ல உரிஞ்சுது. அது கிடக்கட்டும். இது என்ன, 'முதல் வாடிக்கையாளர்கள்: கில்மோ குடாவின் முப்பத்தொரு குடும்பங்கள்'? அவங்க பீப்பாயில இருக்கறதை உங்ககிட்ட வாங்கணுமா?"

"விலை மலிவாத்தான் வைப்போம்."

"வாங்கலைன்னா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"காப்புரிமை வந்துட்டா யாரும் சொந்தமா தயாரிக்கக் கூடாது, தோன்யா எர்சிலியா," என்றேன். அன்று அந்த அறையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

எர்சிலியாவின் காது சிவந்துவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "திங்கக்கிழமை தரேன்."

என் மாமனார் வீடும் கில்மோவில்தான். ஞாயிறு மதியம் எரிபெர்த்தோவின் அடுப்படியில் நானும் இருந்தேன்.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துருங்க அண்ணி," என்றான் எரிபெர்த்தோ. "எவன் வந்து பாக்கப் போறான்?"

"ஒருத்தி வந்தாளே. உன் பீப்பா மேல உக்காந்து, பயன்படுத்துவீங்களான்னு கேட்டா. நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"ஏற்கெனவே பயன்படுத்தறோம்னு சொல்ல முடியாம வாயில என்ன, கிழங்கா வச்சிருந்த?"

"அதை அவ கேக்கலையே அண்ணி. மழையில நனைஞ்சு வந்த பொண்ணு. கேட்டதுக்கு ஆமான்னு சொல்லி அனுப்பினேன்."

"முப்பத்தொரு வீடும் இப்படியே சொல்லியிருக்கீங்க. உங்க ஆமா மேலதான் இப்ப கம்பெனி கட்டறாங்க. நாளைக்கு உன் பீப்பாயைத் தூக்க வருவாங்க, அவங்களுக்கும் மாத்தே கலக்கிக் குடு."

எரிபெர்த்தோ அடுப்பில் ஒரு விறகைத் திணித்தான், தேவையே இல்லாமல்.

தாளின் அடியில் "விதிவிலக்குகள் இருப்பின்" என்று நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். அந்தக் கோடுகளை இதுவரை யாரும் நிரப்பி நான் கண்டதில்லை. எர்சிலியா ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். வீட்டுக்கு வீடு கேட்டார்: எப்போதிலிருந்து, எத்தனை கயிறு, பெயர், கையெழுத்து. ஒரு வீடும் மறுக்கவில்லை. வாசலுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

திங்கள் காலை டாக்டர் அந்த நோட்டைக் கடைசிவரை புரட்டினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் தெரியும்னா காப்புரிமை கிடையாது. காப்புரிமை இல்லைன்னா நிதி கிடையாது. உங்க சம்பளமே அந்த நிதியில இருந்துதான் எர்சி."

"தெரியும்."

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து எடுத்திருந்தால் திருடன் என்றாவது திட்டியிருக்கலாம்.

"வெளிய யாராவது பயன்படுத்தறாங்களான்னு கேட்டீங்க டாக்டர். கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கேன்."

நோட்டோடு சேர்ந்து போன விண்ணப்பம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மார்ச் மாதம் எர்சிலியாவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. டாக்டர் இன்னும் அதே அறையில் இருக்கிறார், வேறொரு பூச்சுடன். நான்காம் இணைப்பைத் திருத்தச் சொல்லி நான் மனுப் போட்டேன். திருப்பப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்த விதியில்லை என்று பதில் வந்தது. அனுப்பியது எங்கள் அலுவலகமேதான், என் பக்கத்து மேசை. எனவே திருத்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

எர்சிலியா பார்ரியா சிப்பிக் கயிற்றுப் பசையைக் கண்டுபிடித்தார். அதைச் செய்யும் விதத்தை முப்பத்தொரு குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள்.