வண்டிக்கு முன்னால் செங்கம்மாள்

இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டித்தான் செங்கம்மாள் எதையும் வாங்கிக்கொள்வார். ஒற்றை வாழைப்பழமானாலும் அப்படித்தான். வாங்கியதைத் தோளில் தொங்கும் துணிப்பைக்குள் இறக்கிவிட்டு, கொடுத்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "சொல்லு தாயி, இன்னா வேண்டிக்கணும்?" என்று கேட்பார். கொடுத்தவர் சொல்லி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். அதற்குள் உடன் வந்தவர்கள் அனைவரும் சாலையின் அடுத்த வளைவைக் கடந்திருப்பார்கள்.

செங்கல்பட்டிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழுவில் அவர் இருப்பது இது பத்தொன்பதாவது முறை. வயது அறுபத்து மூன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கியமேரி என்றிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார். பொத்தேரியில் தனியார் விடுதி ஒன்றின் சமையற்கட்டில் நாள்தோறும் நானூறு பேருக்குக் காய் நறுக்குகிறார். அந்த நானூறு பேர் மீதம்வைத்த தட்டுகள் தொட்டியில் கவிழ்வதையும் நாள்தோறும் பார்க்கிறார். அதைப்பற்றி அவர் கருத்து எதுவும் சொன்னதில்லை. ஆனால், வழியில் எவர் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

நீட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை. காவிச் சேலையில் வெறுங்காலோடு ஒருவர் நடந்துவரக் கண்டால், மாதாவைக் கும்பிடுகிறவர்களும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் ஒன்றுபோலவே மோர்ச்சொம்போடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். போர்க்கிணற்றில் தண்ணீர் வர வேண்டும், மகளுக்குக் குழந்தை தங்க வேண்டும், மருமகன் பைக்கை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பழத்தோடும் ஒரு வேண்டுதல் சேர்ந்து வரும். நடக்க நடக்க மற்றவர்களின் பை இளைக்கும். செங்கம்மாளின் பை பருக்கும்.

குழுவின் தலைவர் ஞானதாஸ். மறைமலைநகரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டுப் பொறுப்பாளர். யாத்திரையையும் ஷிப்டாகவே நடத்துவார். கழுத்தில் விசில் தொங்கும். சென்ற ஆண்டு செங்கம்மாளுக்காகக் காத்திருந்து காத்திருந்து, முதல் நாள் தங்கலான சதுரங்கப்பட்டினத்தைக் குழு இரண்டு மணிநேரம் பிந்தி அடைந்தது. சாம்பார் ஆறிப்போயிருந்தது. அந்தச் சாம்பாரை அவர் ஓராண்டாக மறக்கவில்லை.

ஆகவே, இந்த ஆண்டு புறப்படும்போதே விதி வகுத்தார். காலை உணவும் குடிநீரும் கொப்புளத்துக்குப் போடும் மருந்தும் மினி லாரியில் திருக்கழுக்குன்றத்துக்கு வரும். "அந்த வண்டி வந்து சேர்றதுக்குள்ள யாரு வந்து சேரலயோ, அவங்க வேளாங்கண்ணி வரிக்கும் வண்டிலதான். யாருன்னு நா பேர் சொல்லல."

அவர் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள்.

"வண்டில போறதுக்கு நா இன்னா அரிசி மூட்டயா?" என்றார் செங்கம்மாள். "பதினெட்டு வர்சம் இந்தக் காலுதான் போச்சி. வண்டி போயி மாதாகிட்ட இன்னா சொல்லும்?"

ஞானதாஸ் இரக்கமற்றவர் அல்லர். ஓட்டுநர் ஸ்டான்லியைத் தனியே அழைத்து, "அந்தக்கா எங்கனா வுயுந்துட்டா பேஜாராய்டும். பின்னாடியே வா. அவங்கள வுட்டுட்டு மட்டும் வந்துடாத" என்று சொல்லிவைத்தார். ஸ்டான்லி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்ட குழு எட்டு மணிக்குத் திருக்கழுக்குன்றத்தை அடைந்தது. குளக்கரையில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டு, வராத பொங்கலுக்காகச் சாலையைப் பார்த்தது. பொங்கல் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால், செங்கம்மாளின் பின்னால், அவருடைய நடைவேகத்திலேயே வந்துகொண்டிருந்தது.

வண்டியின் கூரைமேல் ஒலிபெருக்கி மாதா பாட்டுப் பாடியது. பாட்டு ஸ்டான்லியின் செல்போனிலிருந்து வந்தது. ஒன்பது மணிக்கு, ஒரு டீக்கடையின் எதிரே, பாட்டு பாதியில் நின்று ஞானதாஸின் குரல் ஊருக்கே கேட்டது.

"டேய், எங்கடா கீற? பசில உசுரு போவுது!"

"செங்கம்மாக்கா பின்னாடிதாங் கீறேன் அண்ணாத்த."

"அந்தம்மாவத் தூக்கி வண்டில போட்டுகினு வாடா!"

குரல் அறுந்தது, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரும் கையுமாக எழுந்து நின்றார்கள். ஸ்டான்லி தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, ஏறிக்கிறியா? ஒரு மருவாதிக்குக் கேக்கறேன்."

செங்கம்மாள் சற்று யோசித்தார். "நீ முன்னாடி போய்டு நைனா. பசங்க பசியோட கீதுங்க, போயி சோத்தப் போடு. நா ஏற மாட்டேன்."

வண்டி முன்னால் போனால் தம் நடை அத்தோடு முடிந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"உன்ன வுட்டுட்டு வராதன்னு சொல்லிக்கீறாரு. போனா அதுக்குத் திட்டுவாரு, போவலன்னா இதுக்குத் திட்டுவாரு. இதுக்கு ஏற்கனவே வாங்கிட்டேன். இதே இருக்கட்டும்" என்றார் ஸ்டான்லி. அதன்பின் வந்த அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. ஊரார் முன்னிலையில் இன்னொரு முறை வாங்கிக்கட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

டீக்கடைக்காரர் மனம் பொறுக்காமல் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை நீட்டினார். செங்கம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினார். டீக்கடைக்காரருக்கு மூட்டுவலி, அது தொடங்கிய நாளிலிருந்து சொன்னார். ஏழு நிமிடம் ஆயிற்று.

பத்து மணிக்குச் செங்கம்மாள் குளக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஐந்தடி பின்னால் வண்டி வந்து நின்றது. ஞானதாஸ் வாயில் விசிலோடு எழுந்து வந்தார். பேசுவதற்காக அதை எடுத்தார்.

"யக்கா, மணி இன்னா?"

"மணியா சொன்ன நீ? வண்டி வந்து சேர்றதுக்குள்ள வரணும்னுதான சொன்ன?" செங்கம்மாள் திரும்பி, இன்னும் உறுமிக்கொண்டிருந்த வண்டியைக் காட்டினார். "தோ, இப்பதான் வருது."

"அண்ணாத்த, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றார் குழுவிலேயே இளையவரான அன்பரசி. அவர் அதற்குள் பொங்கல் பாத்திரத்தைத் திறந்துவிட்டிருந்தார். ஞானதாஸ் வண்டியைப் பார்த்தார், ஸ்டான்லியைப் பார்த்தார். ஸ்டான்லி வானத்தைப் பார்த்தார்.

பொங்கல் தீர்ந்ததும் செங்கம்மாள் பையைக் கவிழ்த்துப் பங்கிடத் தொடங்கினார். எது எவருடைய பழம் என்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை.

"இந்தா, நீ துன்னு. போர்ல தண்ணி வரணும்னு வேண்டிக்க. இது பைக்கு ஓட்ற மருமவன். மெதுவா ஓட்டணுமாம், நீயும் மெதுவாத் துன்னு. அன்பரசி, நீ சின்னப் புள்ள, ஒனக்கு முட்டி நல்லாக்கீது. மூட்டுவலி பிஸ்கட்ட நீ வெச்சிக்க."

ஒருவரும் மறுக்கவில்லை. ஞானதாஸின் கையில் ஒரு கொய்யா வந்து அமர்ந்தது. அவர் அதைக் கடிக்காமல் வைத்திருந்தார்.

"இது இன்னா வேண்டுதலு?"

"அது சும்மா குடுத்தாங்க. துன்னு."

அவர் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "சரிக்கா, நட. ஆனா பையக் குடுத்துடு. பை இருந்தாத்தான வாங்குவ?"

செங்கம்மாள் மறுபேச்சின்றிப் பையைக் கழற்றி, உதறி, நான்காக மடித்துக் கொடுத்தார். ஞானதாஸ் அதை வண்டியின் முன்னிருக்கையில், செங்கம்மாளுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். விசில் ஊதினார். இம்முறை வண்டி முன்னால் போயிற்று.

சதுரங்கப்பட்டினச் சாலையில் அரைக் கிலோமீட்டர் சென்றதும், ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி முறம் நிறைய வெள்ளரிப்பிஞ்சுகளோடு நின்றிருந்தார். முன்னால் சென்றவர்கள் கும்பிட்டுவிட்டுக் கடந்தார்கள். கடைசியாக வந்த செங்கம்மாள் நின்றார். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, இரண்டு கைகளாலும் அகலமாக விரித்துப் பிடித்தார்.